தகரக் கொட்டகையில் கொஞ்சம் கடல்

கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்த பிறகுதான் எம்.ஃபில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது கடலில் மிதக்கும் நுண்பாசி. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் செடி. காற்றில் கரியமில வாயு கூடிக்கொண்டே போகிறது, கடலும் சூடாகிறது. இதுகள் என்ன செய்யும் என்பது கேள்வி. குடிதண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடுகிற தெருவில் கடலுக்காகக் கவலைப்பட்டவள் நான் ஒருத்திதான்.

தூத்துக்குடியில் கேன் நிறையக் கடல்நீர் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் சந்தேகப்பட்டு மூடியைத் திறந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"ஏம்மா, உப்புத்தண்ணி நம்மூரு போருலயே வருதே. இதுக்கா இம்புட்டுத் தூரம் போனீக?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. பாலவனத்தம் போகிற ஒருவர் தனக்கும் அரைப் படி கேட்டார்.

கல்லூரியில் வாயு சிலிண்டர் கிடையாது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி சோடா கம்பெனி வைத்திருந்தார். சோடாவுக்கு ஏற்றுகிற வாயுதான் எனக்கும் வேண்டும். கேட்டதும் சம்மதித்தார். முதல் நாள் உற்சாகத்தில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். தண்ணீர் புளித்து, பாசி வெளுத்துச் செத்தது.

"கோலி போட்டு அடைச்சிருந்தா வித்திருக்கலாம்," என்றார், துளியும் வருத்தமில்லாமல்.

அப்புறம் ஊசிக்குழாய் வைத்து, குமிழி குமிழியாக விட்டோம். வீட்டு உள்ளறையில் வளர்ந்த பாசியை நேரே வெயிலில் கொதிக்கிற அவருடைய தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனால் மறுநாளே வெளுத்து அடியில் தங்கிவிடும். அதனால் மெல்ல மெல்ல நகர்த்தினேன். உள்ளறையிலிருந்து அடுப்படிக்கு, அங்கிருந்து கொட்டகையின் நிழல் மூலைக்கு, கடைசியில் தகரத்துக்கு நேர் கீழே. ஒவ்வொரு தடவையும் பாதி செத்தது. மிஞ்சினது பெருகியது. ஏறக்குறைய தினமும் இரண்டாகப் பிரிகிற சாதி. சில மாதத்தில் கொள்ளுப்பேரனுக்குக் கொள்ளுப்பேரன் வந்துவிட்டான். அந்த வெக்கையிலேயே ஒரு பாட்டில் பச்சைப் பசேலென்று நின்றது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் முன்னோரைவிடச் சிறுத்திருந்தன.

பாட்டில் என்றேனா? கண்ணாடிக் குடுவை பற்றாமல் அண்ணாச்சி கலர் சோடா அடைக்கிற பாட்டில்களைத்தான் வாங்கியிருந்தேன்.

அந்தச் சமயம் என் கொழுந்தன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். அங்கே அடிக்கிற வெயிலுக்கு நம்ம ஊர் வெயில் ஒன்றுமே இல்லை என்று பார்க்கிறவரிடமெல்லாம் அளப்பார். ஒரு மத்தியானம் கொட்டகைக்குப் போனவர், குழாயைக் கழற்றிவிட்டு அந்தப் பச்சைக் கலரை எடுத்து மடமடவென்று குடித்தார். அண்ணாச்சி பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

"அண்ணாச்சி! சீனிக்குப் பதிலா உப்பப் போட்டுட்டீகளா?"

"அது ஒங்க மதினி வளக்குற கடலுல்ல!"

சத்தம் கேட்டு ஓடினேன். பாட்டிலைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

"மதினி, நான் குமட்டிக்கிட்டு நிக்கேன். நீங்க பாட்டிலப் பாக்குறீக!"

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது தம்பி. வெக்கையத் தாங்குன வம்சமே இது ஒண்ணுதான்!"

என் மாமியார் ஓமத்தண்ணீர் கொடுத்தார். சாயங்காலம் கொழுந்தன் வழக்கம்போலப் புரோட்டா சாப்பிடப் போய்விட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. பாட்டிலின் அடியில் ஒரு ஸ்பூன் கசடு மிஞ்சியிருந்தது. புதுக் கடல்நீர் ஊற்றி, உரம் போட்டு, வாயு விட்டு அதே இடத்தில் வைத்தேன். சில நாள் ஒன்றுமே தெரியவில்லை. நாலு தடவை போய்ப் பார்த்தால் அண்ணாச்சி நாலு தடவையும், "பிள்ள பொறந்துருச்சா?" என்பார். ஒரு காலையில் தண்ணீர் லேசாகப் பச்சை கட்டியிருந்தது. அண்ணாச்சி கொட்டகையில் இருந்த எல்லாருக்கும் பன்னீர் சோடா உடைத்துக் கொடுத்தார். கொழுந்தனுக்கு மட்டும் முகர்ந்து பார்க்கக் கொடுத்துவிட்டு அப்புறம் கொடுத்தார்.

அந்த வம்சத்தைத் திரும்பக் குளிர்ந்த உள்ளறையில் வைத்தபோது அது மந்தமாகத்தான் வளர்ந்தது. பழைய பாசி அதை முந்திவிட்டது. வெக்கைக்குப் பழகியதற்கு அது கொடுத்த விலை. ஆய்வேட்டில் நான் பெருமையாக எழுதிய பக்கம் அதுதான்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர் பாசி வளர்ச்சி வரைபடத்தில் திடீரென்று விழுந்த கோட்டில் விரல் வைத்தார். "இங்க என்னம்மா ஆச்சு?"

உண்மையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குடிச்சவரு இப்ப எப்படி இருக்காரு?"

"லீவு முடிஞ்சு துபாய்க்குப் போயிட்டாரு சார்."

பேராசிரியர் சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார்.