மூன்று கொலைகளும் ஒரு மச்சானும்

இன்று காலை கிளிநொச்சியில் ஒரு புத்தகக் கடையில் நின்றேன். ஓய்வுபெற்ற கிராம அலுவலர், விதானையார் ஒருவர் வந்து, என் துப்பறியும் நாவலை முதலாளியின் மேசையில் போட்டார்.

"இதைத் தட்டில வைக்காதேங்கோ. தொண்ணூற்றாறில வன்னியில ரெண்டு ஆம்பிளையள் குடும்பம் நடத்தினவையாம். அப்ப இப்பிடி ஆக்களே இருக்கேல்லை."

எழுதியவள் பக்கத்தில் நிற்பது அவருக்குத் தெரியாது.

கதையில், இடம்பெயர்ந்தோர் முகாமில் மூன்று பேர் கொலையாகிறார்கள். ஒரு கம்பவுண்டரும் அவருடைய காதலரான சைக்கிள் கடைக்காரரும் கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறார்கள். மூன்று கொலைகளும் ஐயாவை உறுத்தவில்லை. அந்த இருவரும் ஒரே பாயில் படுத்ததுதான் உறுத்தியது.

"ஐயா, தொண்ணூற்றாறில நாங்கள் புளியங்குளத்தில உங்கட பிரிவிலதான் இருந்தனாங்கள்," என்றேன். "பக்கத்துக் கொட்டிலில ஒரு கம்பவுண்டரும் சைக்கிள் கடைக்காரரும் ஒண்டா இருந்தவை. ரெண்டு பேருக்கும் ஒரே நிவாரண அட்டை. அதில உறவுமுறை 'மச்சான்' எண்டு நீங்கள்தான் எழுதினனீங்கள்."

விதானையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவை நல்ல பெடியள். பட்டினி கிடக்கக் கூடாதெண்டு எழுதினனான். அது வேற."

சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதலாளி புத்தகத்தைத் தட்டின் முன்வரிசையில் வைத்தார்.

தங்கள் கையெழுத்தையே மறந்துவிடக் கூடியவர்கள்தான் இங்கே எல்லோருடைய ஒழுக்கத்துக்கும் காவல்.

எது வேறு என்று மட்டும் அவர் சொல்லவில்லை. உங்களில் யாருக்காவது விளங்கினால் கீழே எழுதுங்கள்.