மூன்றாம் ஓலை

சோபியா என் அக்கா மார்த்தாளின் மகள். மானாம்பதியிலிருந்து விடிவதற்குள் கம்பெனி பஸ் பிடித்து ஒரகடம் தொழிற்சாலைக்குப் போய், நாள் முழுக்க நின்றபடியே ஒயர் சொருகிவிட்டு வருவாள். யாருக்கும் மசியாத பெண், ஜான்சன் விஷயத்தில் மட்டும் அசடு. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அவன், "அஞ்சு நிமிசம், வந்துடறேன்" என்பான். இவள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இருட்டும்வரை நிற்பாள். மறுநாள் அவன் பல்லைக் காட்டினால் போதும், கரைந்துவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருவழியாகக் கல்யாணம் முடிவாயிற்று. எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் சாமியார் கேட்பார். எனக்குத் தெரிந்து யாரும் வாய் திறந்ததில்லை.

இரண்டாம் ஓலைக்கு ஜான்சன் வரவில்லை. ஏரிக்கரையில் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். பசியோடு இருப்பானே என்று சோபியா சோறு எடுத்துக்கொண்டு போனாள். வேலமரத்துக்கு அந்தப் பக்கம் அவன் கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "இன்னும் ஒரு ஓலை கீது மச்சான். அதுக்குள்ள நல்ல எடமா வந்தா இவள கயட்டி வுட்டுடலாம்." எல்லோரும் சிரித்தார்கள். சோற்றோடு திரும்பி வந்து எங்களிடம் சொன்னாள்.

"ஆம்பளைங்க அப்டித்தான் பேசிக்கினு கெடக்கும், வுடு" என்றாள் அக்கா. பத்திரிகை கொடுத்தாயிற்றே என்ற பயம் அவளுக்கு.

"நிறுத்திடலாம்டி" என்றேன் நான்.

"அவரையே ஒரு வார்த்த கேட்டுக்கிறேன் சின்னம்மா."

அந்த வாரம் முழுக்க அவன் போனை எடுக்கவில்லை. வீட்டில் தட்டு விழுந்தால்கூடத் திடுக்கிட்டோம்.

மூன்றாம் ஞாயிறு, கோயில் வாசலில் அவனை மறித்தாள்.

"அன்னிக்கி கிரவுண்டுல சொன்னது நெசமா?"

"எது? ஐய, அது சும்மா டமாசுமே."

"அப்ப நானு?"

போன் அடித்தது. அவன் எடுத்துப் பேசிக்கொண்டே நகர்ந்துவிட்டான்.

உள்ளே சாமியார் ஓலை வாசித்தார். ஜான்சன் கதவோரம் சாய்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். "தடை ஏதும் தெரிந்தவர்கள்..." என்று சாமியார் கேட்டதும் சோபியா எழுந்தாள். அக்கா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"தடை கீது சாமி."

கோயில் மொத்தமும் திரும்பியது. "என்ன தடை? சொல்லும்மா" என்றார் சாமியார்.

"அவருக்கு என்மேல ஆச இல்ல. எனக்கு இன்னும் கீது. அத வெச்சிக்கினு அவராண்ட குடும்பம் பண்ண என்னால முடியாது சாமி."

ஜான்சன் சிரித்தான். "கோவத்துல பேசுது சாமி, நீங்க பூசைய நடத்துங்க." கூடச் சிரிக்க ஆளில்லை. சாமியார் ஓலையை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார்.

சோபியா உட்கார்ந்து, என் தோளில் முகம் புதைத்துச் சத்தமாகவே அழுதாள். அவள் துணிச்சலில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த அழுகையைக் கேட்கமுடியவில்லை. பாட்டு தொடங்கியபோது மெதுவாகக் கேட்டாள்: "அவரு நிக்கிறாரா பாரு சின்னம்மா."

வெளியே ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது.

"போயிட்டான்" என்றேன்.