ரோஸ் சீட்டு

நாற்பத்தொன்று. அருங்காட்சியகக் கிடங்கின் பொறுப்பாளர் இருபத்தாறு வருடத்தில் எழுதிய ரோஸ் நிறச் சீட்டுகளில், பொருள் திரும்பி வராதவை இத்தனை. வேலையில் எல்லோருக்கும் அவர் அக்கா.

கிடங்கின் வழக்கம் எளிது. ஒரு பொருள் இழுப்பறையை விட்டு வெளியே போனால், அதன் இடத்தில் ஒரு ரோஸ் சீட்டு படுத்துக்கொள்ளும். எண், எடுத்தவர், காரணம், கையெழுத்து. ஆண்டுச் சோதனைக்கு வருகிறவர்களுக்குச் சீட்டு இருந்தால் போதும், பொருள் இருக்கிற மாதிரிதான். இடம் காலியாக இருந்தால்தான் தலை போகும். அக்காவின் இழுப்பறைகளில் காலியிடம் என்பதே கிடையாது.

"அக்கா சாப்பிடப் போனாலும் நாற்காலியில ஒரு சீட்டு வெச்சிட்டுத்தான் போவாங்க" என்பார் வாசல் காவலாளி.

அதிகாரிகளுக்கு மட்டும் அவர் 'ஏம்மா'. நாலு பேர் முன்னால் 'அக்கா' என்று கூப்பிட்ட ஒரே அதிகாரி துணை இயக்குநர். கீழே கார் காத்திருக்கும். மனிதர் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டதுபோல நிற்பார்.

"படம் எடுக்கணும் அக்கா. நாலு நாள்ல வந்துடும். என் கையெழுத்தையும் நீங்களே போட்டுடுங்க."

அக்கா போட்டார், ஒவ்வொரு தடவையும். மேலே அந்தச் சுழி, கடைசியில் அந்த இழுப்பு, எல்லாம் அச்சு அசலாக. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆய்வுக்கு வந்துபோகும் ஒரு மாணவி சென்ற மாதம் கைபேசியை நீட்டினாள். வெளிநாட்டு ஏலம் ஒன்றின் பட்டியல். அதில் ஒரு சுடுமண் குதிரை.

"நம்ம குதிரை மாதிரியே இல்ல அக்கா?"

மாதிரி இல்லை, அதேதான். இடது காது கோணலாக ஒட்டியிருந்தது, ஒட்டியவர் அக்காதான். இழுப்பறையைத் திறந்தார். ஆறு வருடப் பழைய சீட்டு ஒன்று வெளுத்துப்போய்க் கிடந்தது. அடுத்த இழுப்பறை. அதற்கடுத்தது. திரும்பாத எல்லாவற்றிலும் துணை இயக்குநர் பெயர். நாற்பத்தொன்று.

வீட்டில் கணவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார். "எல்லாச் சீட்டுலயும் யார் எழுத்து?"

"என்னோடது."

"அப்புறம் ஏன் நீயே போய் வாயைத் திறக்கறே?"

"வியாழக்கிழமை ஏலம். குதிரை போனா போகட்டும்னு விடச் சொல்றீங்களா?"

"குதிரையோட நீயும் போவே. சொல்லிட்டேன்."

மறுநாள் காலை முதல் வேலையாக இயக்குநரிடம் போய்ச் சொன்னார். இயக்குநர் எழுதிக் கொடுக்கச் சொன்னார்; எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் மேசைக்கு மேசை நடந்தது. குதிரை வியாழக்கிழமை விலைபோனது. ஏலத்தை நிறுத்தக் கோரும் கடிதம் திங்கட்கிழமை கிளம்பியது.

விசாரணைக் குழுவின் முன்னால் துணை இயக்குநர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவசரமே இல்லை.

"இது என் கையெழுத்து இல்லை" என்றார். அது உண்மை.

பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, என் கையெழுத்தைப் போட எத்தனை நாள் பழகினே?"

அக்காவுக்கு மற்றதெல்லாம் அப்புறம்தான் உறைத்தது. முதலில் காதில் விழுந்தது அந்த 'ஏம்மா'.

அன்றே சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்கள். வாசலில் காவலாளி கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே டிபன் பாக்ஸும் எழுதாத ரோஸ் சீட்டுக் கட்டு ஒன்றும் இருந்தன. கட்டை எடுத்து வைத்துக்கொண்டார். கிண்டல் எதுவும் பேசவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அக்கா காவல் நிலையத்தில் கையெழுத்து மாதிரி தர வேண்டும். அக்கா மீதான வழக்கின் முதல் சாட்சி துணை இயக்குநர்.