தாண்டவராயன் வாத்தியாரின் இரண்டு கம்பிகள்

தாண்டவராயன் வாத்தியாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு ஒன்றுகூடத் தேறாது. ஒலக்கூர் பக்கத்துப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறார். அடுப்பங்கரைதான் ஆய்வுக்கூடம், எதையும் சோதித்துப் பார்த்துவிட்டு நம்புங்கள் என்று மேடைக்கு மேடை முழங்குவார். அதற்காக விழுப்புரத்தில் கூப்பிட்டுப் பொன்னாடை வேறு போர்த்தினார்கள்.

பள்ளி விட்டதும் வேறு பிழைப்பு. திண்டிவனத்தில் அவர் மச்சான் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிறான். அதைத் தெருத்தெருவாகத் தள்ளிவிடுவது இவர். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

ஒரு டம்ளரில் தெருக்குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் மெஷின் தண்ணீர். கரண்ட் கொடுத்த இரண்டு இரும்புக் கம்பிகளை முதலில் அதிலும் பிறகு இதிலும் விடுவார். குழாய்த் தண்ணீர் சாக்கடை நிறத்துக்கு வரும், மெஷின் தண்ணீர் அப்படியே இருக்கும். உப்புள்ள தண்ணீரில் கரண்ட் நன்றாகப் பாயும், பாய்ந்தால் கம்பியின் இரும்பு கரைந்து துருவாக வரும். இதை வகுப்பில் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். தெருவில் அதற்கு அவர் வைத்த பெயர் அழுக்கு. வெட்கங்கெட்ட மனிதர்.

எங்கள் தெருவில் களையெடுக்கப் போகிற அம்சா அந்த டம்ளரைப் பார்த்து அழுதே விட்டாள்.

"இத்தினி வருசமா எம்பொண்ணுக்கு இதையா குடுத்துக்கினு இருந்தேன்."

மெஷின் வாங்குவதற்காகக் காதில் கிடந்த கம்மலைக் கழற்றினாள். அவளிடம் இருந்த தங்கம் அவ்வளவுதான்.

அவள் மகள் மலர்விழி இவரிடம்தான் பத்தாவது படிக்கிறாள். உள்ளே போய் உப்பு எடுத்து வந்தாள். மெஷின் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்பதற்குள் போட்டும் விட்டாள். கம்பி உள்ளேதான் இருந்தது. அந்தத் தண்ணீரும் சாக்கடையானது.

அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? பார்த்தீர்களா, நீங்கள் சாப்பிடும் உப்பில் எவ்வளவு அழுக்கு என்றார். கூடியிருந்த பெண்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"அப்ப கம்பி உடாம உப்ப மட்டும் போடறேன் சார். அழுக்கு உப்புல இருந்தா இதுவும் கலங்கணும் இல்லங்களா?"

வேறொரு டம்ளரில் மெஷின் தண்ணீரை ஊற்றி, உப்பைப் போட்டுக் கலக்கினாள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அம்சா கம்மலை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

வாத்தியார் கம்பிகளைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மறுநாள் வகுப்பில், கம்பியும் கரண்டும் வருகிற அந்தப் பாடத்தை எடுக்கச் சொன்னாராம்.

"இது பரிட்சைக்கு வராது. எல்லாரும் கோடு போட்டு அடிச்சிடுங்க."