தடுக்க மட்டும் கற்றவன்

"அடிக்கத் தெரியாதவனுக்குத் தடுக்க மட்டும் எப்படிய்யா சொல்லிக் குடுக்கறது?" என்று சிலம்ப வாத்தியார் விநாயகம் தினமும் கேட்பார். செஞ்சியில் அப்போது ஒருவருக்கும் பதில் தெரியவில்லை, இதை எழுதுகிறவனுக்கும்தான்.

சாந்திநாதன் கம்பைக் குறுக்கே பிடித்தபடி, "அடிக்கிறது வேணாம் வாத்தியாரே, எங்க வழக்கத்துல ஆகாது. அடி மேல விழாம பாத்துக்கிட்டா போதும்" என்பான். விநாயகம் வீசுவார். இவன் தடுத்துத் தடுத்துப் பின்வாங்கியே ஏரிக்கரையின் மறுமுனைக்குப் போய்விடுவான். இரண்டு வருடம் அவன் கற்ற வித்தை அதுதான்.

மேல்சித்தாமூர் சமணக் குடும்பம். வயது இருபத்தேழு. செஞ்சி கடைத்தெருவில் வேர்க்கடலை மண்டியில் எடை போடுகிறான். மூட்டையில் வண்டு தென்பட்டால் எடையை நிறுத்திவிட்டு, அதைக் காகிதத்தில் ஏந்திப்போய் வேலியோரம் விட்டு வருவான். காத்திருக்கும் வண்டிக்காரர்கள், "சாந்தி, வண்டுக்குக் கட்டுச்சோறு குடுத்தியாடி?" என்று கத்துவார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். அந்தச் சிரிப்புதான் அவனுக்கு வினையானது.

துணிக்கடை ஜீவராஜின் மகள் பத்மினியை அவன் வீட்டார் பெண் கேட்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்தியது, ஜீவராஜுக்கு மனசு பொருந்தவில்லை. "'வாடி, போடி'ன்னு கூப்பிட்டாலும் சிரிக்கிறான். நாளைக்கு எம்பொண்ண எவனாவது ஒண்ணு சொன்னா இவன் இன்னா பண்ணுவான்?"

கோயில் வாசலில் பத்மினி அவனிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "ஊரு பாக்க ஒரே ஒரு தடவ நிமிந்து நில்லுங்க. மீதிய நைனாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அந்தச் சமயத்தில்தான் கோட்டைக்கு சினிமாக்காரர்கள் வந்தார்கள். பயந்தாங்கொள்ளி ஒருவன் காதலிக்காகச் சிலம்பம் பழகி முரடனை வீழ்த்துகிற சிரிப்புக் கதை. நாயகனுக்குப் பதிலாகக் கம்பு பிடிக்க ஆள் தேடினார்கள். விநாயகமே சாந்திநாதனைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

இரண்டு நாள் ராஜகிரி அடிவாரப் படிகளில் அவன் பின்வாங்கினான், உருண்டான், முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். மூன்றாம் நாள் வெற்றி அடி. எதிராளியின் தலைப்பாகையில் கம்பால் ஒரு தட்டு. "வலிக்காதே?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு, பத்மினியை நினைத்துக்கொண்டு ஓங்கினான்.

முரடன் வேஷம் போட்டிருந்த வயதான சண்டைக்காரர் உதடு அசையாமல் கெஞ்சினார்: "தம்பி, பாகைக்குள்ள மண்டையில தையல் போட்டிருக்குது. பாத்துப் போடு. வெளிய சொல்லிடாத, வேல போயிடும்."

"சத்தியமா சொல்லமாட்டேன்" என்றான். கம்பு கீழே விழுந்தது.

இயக்குநர் கத்தினார். வேறொருவன் வந்து நாயகனின் சட்டையை மாட்டிக்கொண்டு ஓங்கி அடித்தான். பெரியவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்ட விநாயகத்திடமும் சாந்திநாதன் சத்தியம் வாங்கிக்கொண்டான். அவர் அதை ஒரு வருடம்தான் காத்தார், பிறகு என்னிடம் சொல்லிவிட்டார்.

எட்டு மாதம் கழித்துப் படம் செஞ்சி டென்ட் கொட்டகைக்கு வந்தது. ஜீவராஜ் குடும்பம் பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிட்டு முதல் ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்தது. திரையில் சாந்திநாதன் முகம் எங்குமே இல்லை. ஆனால் மண்டியில் நாள்தோறும் பார்க்கிற முதுகு ஊருக்குத் தெரியாதா?

"டோய், நம்ம சாந்தி ஓடறாடோய்!"

மணல்தரை முழுக்கச் சிரிப்பு. பிறகு வெற்றி அடி வந்தது. அகலமான, புது முதுகு.

"இது வேற ஆளுடா! அடிக்கறதுக்கு மட்டும் ஆள் மாத்திட்டாங்க!"

சிரிப்பு அடங்கவே இல்லை. ஜீவராஜ் படம் முடியுமுன் எழுந்து வெளியே போனார்.

கொட்டகை வாசலில் பத்மினி கேட்டாள்: "அந்த ஒரு அடியயாவது நீங்க அடிச்சிருக்கக் கூடாதா?"

"கை வரல."

"அவ்ளோதானா?"

ஆமாம் என்று அவன் தலையை மட்டும் அசைத்தான். அவள் அழுதுகொண்டே போனாள்.

ஆவணியில் அவளுக்கு மாப்பிள்ளை ஊரான வந்தவாசியில் கல்யாணம். பெண்வீட்டார் பஸ் புறப்படும் நேரம் தூறல் பிடித்தது. மண்டி வாசலில் நின்றவன் ஓடிவந்தான். அவள் உட்கார்ந்திருந்த ஜன்னலின் படுதாவை இறக்கி, காற்றில் தூக்காதபடி வெளியிலிருந்து முடிச்சுப் போட்டான்.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். வாய்க்கு வாய் போய் என்றாவது வந்தவாசிக்கும் சேரட்டும். சத்தியம் செய்தது அவனும் வாத்தியாரும்தான். நாம் யாரும் செய்யவில்லை.