வெட்டு இல்லாத நாளில் அம்பூரிக்கு

அம்பூரிக்கு எந்த மாதம் போகலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். மழைக்காலம்தான் அழகு என்பார்கள். நான் முதன்முதலில் போனதும் மழையில்தான், ஆனால் மலையைப் பார்க்க இல்லை. புருஷனைப் பார்க்கப் போனேன். தமிழ் பேசும் ஊர்கள் எந்த மாநிலத்தோடு சேருவது என்று தெற்கெல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். எனக்குக் கல்யாணமாகி ஏழாவது மாதம்.

எங்கள் வீடு பாறசாலையிலிருந்து குளத்தூர் போகிற வழியில். அவருக்கு அம்பூரியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. விடியுமுன் மரத்தில் கத்தி வைத்தால்தான் பால் நன்றாக இறங்கும். அதனால் தினம் போய்வர முடியாது. ஞாயிறு சாயங்காலம் ஏறினால் சனிக்கிழமைதான் இறக்கம். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிந்ததே இப்படி ஏறி இறங்கியவர்களால்தான்.

போராட்டம் வந்ததும் அம்பூரிக்கு நேர்வழியான வெள்ளறடை வழி பஸ் நின்றுபோனது. நடந்து வரலாமென்றால், இளவட்ட ஆண்களைப் போலீஸ்காரர்கள் வழியில் மறித்து விசாரிக்கிறார்கள் என்று பேச்சு. சனிக்கிழமைகள் போய்க்கொண்டே இருந்தன, ஆளைக் காணோம். எல்லை எங்கே விழும் என்று ஊரே அடித்துக்கொண்டது. எங்கே விழுந்தால் எனக்கென்ன, என் ஆள் எனக்கு வரவேண்டும்! படுத்தால் பாயின் மறுபாதியில் கை போய்த் தேடும். இதைச் சொல்ல இந்த வயதில் என்ன வெட்கம்?

அப்போதுதான் மழை பிடித்தது. ரப்பர் சங்கதி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. பால், மரத்தில் கட்டிய சிரட்டையில் விழாமல் மரமெங்கும் பரந்து மழையோடு போய்விடும். மழை என்றால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் கூலி இல்லை. மற்ற வெட்டுக்காரர்களின் பெண்டாட்டிகள் வானத்தைப் பார்த்துத் திட்டினார்கள். நான் மட்டும் உள்ளுக்குள் குதித்தேன். ஆள் லயத்தில், அந்தத் தோட்டக் குடியிருப்பில், சும்மாதானே இருப்பார்!

மாமியார் தடுத்தார். "மழ விடட்டும் மக்கா, பெறவு போலாம்."

"மழ விட்டா அவியளுக்கு வெட்டு உண்டுல்லா அத்தே. இப்பம் போனாத்தான் ஆளு கிட்டும்."

வறுத்த நெத்திலிக் கருவாட்டை வாழையிலையில் கட்டிக்கொண்டு விடியற்காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். வெள்ளறடை வழி இல்லாததால் சுற்றுவழி. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு பஸ், பத்து கிலோமீட்டர். கண்டக்டர் மலையாளத்தில், "பெங்ஙளே, ஈ மழயத்து எங்ஙோட்டா?" என்றார், இந்த மழையில் எங்கே போகிறாய் என்று.

"மாப்பிளயக் காணதுக்கு" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

"அப்பம் டிக்கெட் வேண்டாம்ணு சொல்லணுமோ?" என்று தமிழுக்கு மாறினார். கேலிதான், காசை வாங்காமல் விடவில்லை. அங்கிருந்து கள்ளிக்காட்டுக்கு இன்னொரு பஸ். அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்ததால் ஆள் நெரிசல். இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து எட்டணா ஆனது. அதன்பிறகு பள்ளத்தாக்கு வழியே நடை. தலையில் சேம்பிலை, காலில் அட்டை. மூன்று மணி நேரம் நடந்தும் களைப்புத் தெரியவில்லை. போனதும் என்ன சொல்ல வேண்டும், எப்படி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

லயத்தில் அவரோடு தங்கும் தங்கப்பன் அண்ணன் என்னைக் கண்டு தலையில் கை வைத்தார்.

"ஐயோ மக்கா, அவன் விடியதுக்கு முன்னயே இறங்கிட்டானே! மழையாக்கும், வெட்டு இல்ல, அவ நோக்கிட்டு இருப்பான்னு சொல்லி, வெள்ளறடை வழியா நடந்து போறான்."

நான் சிரித்தேன். பிறகு அழுதேன். கொடியில் அவருடைய ரப்பர்ப்பால் கறை பிடித்த சட்டை கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவு ஏக்கம் எனக்கு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை. பக்கத்து அறையில் ஒரு குடும்பம் படுக்க இடம் தந்தது, அன்று இரவு நான் அங்கேயே தங்கினேன்.

மறுநாள் பார்த்து மழை விட்டுத் தொலைத்தது. பட்டை காய்ந்ததும் எல்லோரும் கத்தியோடு போனார்கள். வெயில் ஏறிய பிறகு அவர் வந்தார், வீட்டில் என்னைக் காணாமல் வந்த வழியே திரும்பி நடந்தவர், முழங்கால் வரை சேறு.

"எட்டி, ஒனக்கு பிராந்தாக்கும்? வீட்டுல இருந்தா என்ன?"

"நீங்க இங்க இருந்தா என்ன? நான் வராம இருந்தா நீங்க வந்திருப்பியளா?"

"நான் வந்தேம்லாட்டி!"

மேஸ்திரி கூப்பிட்டார், அவர் கத்தியை எடுத்தார். மரத்துக்கு மரம் அவர் பின்னாலேயே நடந்தேன். பேச நினைத்ததில் பாதிகூடப் பேசவில்லை. கருவாட்டை நின்றபடியே தின்றார். மத்தியானம் கீழே இறங்கும் பெண்களோடு என்னை அனுப்பிவைத்தார், வீட்டில் மாமியார் தனியாக இருந்தார். அடுத்த மழைக்கு யார் வருவது என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த மழையும் வந்தது. இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று நான் வீட்டு வாசலை விட்டு அசையவில்லை. மூன்று நாள் பெய்தது. எப்படியும் ஏறி வந்துவிடுவாள் என்று அவர் லயத்தை விட்டு அசையவில்லை.

போகிறவர்களுக்கு: இப்போது பாறசாலையிலிருந்து வெள்ளறடை போய், அங்கே பஸ் மாறுங்கள். மொத்தம் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். நான் நடந்த பள்ளத்தாக்கு வழியைத் தேடாதீர்கள், அதில் பெரும்பகுதி அணைத் தண்ணீருக்குள் போய்விட்டது. அட்டைக்கு உப்பு கொண்டுபோங்கள். அங்கே யாரையாவது பார்க்கப் போகிறீர்கள் என்றால் முதலில் போன் போட்டு, இருந்த இடத்தில் இருக்கச் சொல்லுங்கள்.

பிறகு நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். அதற்குள்ளும் எத்தனையோ தடவை நான் கடைக்குப் போக, அவர் என்னைத் தேடி வேறு வழியில் போயிருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. இப்போது அந்தக் குழப்பம் இல்லை. அவர் இனி இறங்கி வரமாட்டார். நான்தான் போகவேண்டும்.