படி எங்களுக்குப் பிடிக்குமாம்

இத்தாலியக் குடியுரிமைக்குச் சத்தியம் செய்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோ சந்தையில் தக்காளி பொறுக்கும்போதும், இதோ ஒரு குடிமகள் தக்காளி பொறுக்குகிறாள் என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து, நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, நாங்கள் மரியாதையாகச் சொல்லும் சிஞ்ஞோரா, காய்ச்சலில் படுத்துவிட்டார். அன்று மாலை கட்டடத்தில் குடியிருப்போர் கூட்டம். தன் சார்பில் என்னைப் போகச் சொல்லி ஒரு தாளில் கையெழுத்திட்டுத் தந்தார்.

"வாசல் கதவுக்குப் பச்சை அடிக்கப் பார்க்கிறார்கள். அதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல். மற்றதெல்லாம் உன் இஷ்டம்."

என் இஷ்டமா! பாலெர்மோவில் அப்படியொன்றை யாரும் என்னிடம் கேட்டதில்லை. தாளை ஆட்டிக்கொண்டு கீழே போனேன்.

பச்சை தோற்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்ததாக, வீட்டு வேலைக்கு வருபவர்கள் இனி லிஃப்டில் ஏறக்கூடாது என்றொரு யோசனை. கொண்டுவந்தவர் மூன்றாம் மாடிச் சிஞ்ஞோரா. கெட்ட மனுசி அல்ல. நத்தார் பண்டிகைக்குக் கேக் தருபவர்.

"அவர்களுக்குப் படிதான் பிடிக்கும். எப்போதும் படியால்தானே போகிறார்கள்," என்று என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

"சி, சிஞ்ஞோரா", ஆமாம் அம்மா என்று சொல்ல என் வாய் தயாராகவே இருந்தது. லிஃப்ட் வாசலில் ஓர் இத்தாலிக்காரரைக் கண்டால் போதும், நாங்கள் தமிழ்ப் பெண்கள் சிரித்தபடி படிப் பக்கம் ஒதுங்கிவிடுவோம். அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பேருந்தில் பின்னால் உட்காரவைத்த கதையை என் மகள் பள்ளிக்கூடத்தில் படித்துவந்து சொன்னபோது, எங்களை யாரும் அப்படித் தள்ளவில்லையே என்று பெருமைப்பட்டவள் நான். தள்ளவேண்டிய வேலையே நாங்கள் வைக்கவில்லை. எங்கள் மரியாதையை இப்போது சட்டமாக்கப் போகிறார்கள்.

ஐந்தாம் மாடியில் வேலை செய்யும் அக்காவை நினைத்தேன். வன்னிப் போரில் ஷெல் துண்டு பட்ட முழங்கால் அவருக்கு. ஆளில்லாத நேரம் பார்த்து லிஃப்டில் ஏறுவார். அதுவும் இல்லையென்றால் வேலையை விடவேண்டியதுதான்.

எழுந்தேன். சிரிப்பு வந்தது.

"எங்களுக்குப் படி பிடிக்காது, சிஞ்ஞோரா. உங்களுக்கு இடம் விட்டோம், அவ்வளவுதான்."

பிறகு வாக்கெடுப்பு. வேண்டாம் என்பதற்குத் தோள் வலிக்கும் அளவுக்குக் கையை உயர்த்தினேன். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் யோசனை தோற்றது. லிஃப்டிலேயே ஐந்தாம் மாடிக்குப் பறந்தேன்.

"அக்கா, நாங்கள் வெண்டிட்டம்!"

கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ பிள்ளை, படி எனக்கு விருப்பம் எண்டு அவவுக்குச் சொன்னதே நான்தான். இனி அவவின்ரை முகத்திலை என்னெண்டு முழிக்கிறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கடை முழங்காலைக் கேட்டுட்டோ சொன்னனீங்கள்?"

அதன் பிறகுதான் சிரித்தார்.

மறுநாள் காலை நாங்கள் இருவரும் லிஃப்டில் ஏறிய நேரம் மூன்றாம் மாடிச் சிஞ்ஞோரா பையோடு வந்தார். அக்காவின் கால் தானாக வெளியே போகப் பார்த்தது. என் காலும்தான். அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வாருங்கள் சிஞ்ஞோரா," என்றேன், உள்ளே நின்றபடியே.

அவர் தயங்கிவிட்டு ஏறினார். மூன்று பேருக்குத் தாராளமாக இடம் இருந்தது. இத்தனை வருடமும் இருந்திருக்கிறது.